வீட்டுக்குத் தெரியாதா, தம்பி?

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கல்லூரி நாளிலிருந்தே இப்படித்தான், வீட்டுக்குத் தெரியாது. வருகிற மாசியில் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் பங்காளிகள் எல்லோரும் கூடுகிறார்கள். அது முடிந்த கையோடு எனக்குப் பெண் பார்க்கப் போகிறார்களாம். இப்போதே உடைத்துச் சொல்லிவிடவா, இல்லை இப்படியே காலத்தை ஓட்டவா?
– பெயர் வேண்டாம், உசிலம்பட்டி வட்டாரம்.

பதில்: மற்றதெல்லாம் இருக்கட்டும், 'வீட்டுக்குத் தெரியாது' என்கிறீர்களே, உங்கள் சட்டையைத் துவைப்பது யார்? பூசாரி தருகிற திருநீற்றை நெற்றிக்குக் கொண்டுபோகிற மாதிரி கையைத் தூக்கி, ஆள் பார்க்காத நேரத்தில் காகிதத்தில் மடித்துப் பையில் போடுகிற ரகம்தானே நீங்கள்? அந்தப் பொட்டலம் மறுநாள் வாளியில் ஊறிக் கரைந்து, பையின் அடித் தையலில் வெள்ளைத் திட்டாக நிற்கும். அதை நகத்தால் சுரண்டி உதறிக் காயப்போடுகிறவருக்கு ஒன்றும் தெரியாதாக்கும்! சூடத் தட்டு வரும்போது செருப்புக்குக் காவல் போகிறவன் யார், தொட்டுக் கும்பிடாமல் பத்து ரூபாயை மட்டும் போட்டுவிட்டு நழுவுகிறவன் யார், பானை பொங்கிக் குலவை போடுகிற நேரம் பார்த்து போனைக் காதில் வைத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போகிறவன் யார் என்று அத்தைமார் எல்லோரிடமும் கணக்கு இருக்கும். அம்மா இதுவரை கேட்கவில்லை என்றால், கேட்க வேண்டாமென்று முடிவு கட்டிவிட்டார் என்று அர்த்தம். அப்பாவுக்கும் சேதி போயிருக்கும்.

ஆகவே வீட்டில் அறிவிப்புக் கூட்டம் எதுவும் வேண்டாம். குலசாமி கோயிலிலும் வேண்டாம். நம் பக்கத்துக் குலசாமி, 'நம்புகிறாயா' என்று எவனையும் கேட்டதில்லை; 'வரி கொடுத்தாயா' என்றுதான் கேட்கும். தலைக்கட்டு வரி எப்படி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரும்பாலான ஊர்களில் கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஆகாதவன் அப்பன் கணக்கில் அடக்கம். இந்த மாசியில் உங்கள் பெயரில் ஒரு பைசா கிடையாது. தாலி கட்டிய பிறகுதான் நோட்டில் பெயர் ஏறும். அன்றைக்கு 'நான் நாத்திகன், தர மாட்டேன்' என்று நின்றால் சாமி கோபிக்காது, பங்காளி கோபிப்பான். கோபம் உங்களைத் தாண்டி அப்பா தலையில் விழும். கறிப் பங்கு நிற்கும், அடுத்த விசேஷத்தில் செய்முறை குறையும், துட்டி வீட்டுக்குக்கூட யோசித்துத்தான் வருவார்கள். அந்த வரி எங்கே போகிறது? பந்தல், மைக் செட், சீரியல் லைட், மேளம், பந்தி. சீரியல் லைட்டுக்கு மதம் கிடையாது. கொடுத்துவிடுங்கள். கொடுத்த கையோடு வரவு செலவு நோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'சாமி பாத்துக்கும்' என்று விட்ட கணக்குதான் ஊருக்கு ஊர் பஞ்சாயத்தாக நிற்கிறது. அந்த நோட்டுக்கு நம்பாத ஆள் ஒருவர் அவசியம் வேண்டும்.

கிடாக்கறி தின்னலாமா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். மதுரைப் பாண்டி கோயிலில் முனீஸ்வரருக்குச் சைவப் படையல். வெட்டுகிற கிடா பக்கத்தில் இருக்கிற கருப்பசாமிக்கு. சாமியே சைவமாக இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் கறி போடுகிற இடத்தில், உங்கள் கொள்கைக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? 2003இல் ஒரு பழைய 1950ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, கோயிலில் ஆடு கோழி வெட்டக் கூடாது என்றார்கள். 2004இல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் மதுரைச் சீமையில் பக்தியும் பகுத்தறிவும் ஒரே பந்தியில் சாம்பாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. அந்த ஒற்றுமை அதற்குப் பிறகு வரவேயில்லை.

இனி கல்யாணம். சொல்லியே ஆக வேண்டிய இடம் இது ஒன்றுதான். இதில் மட்டும் 'காலத்தை ஓட்டுகிற' வேலை கூடாது.

எப்போது சொல்வது? ஜாதகம் கைமாறுவதற்கு முன் தரகரிடம் சொன்னால் அவர் 'பையன் ரொம்ப அமைதி' என்று மொழிபெயர்த்துவிடுவார். பூ வைத்த பிறகு சொன்னால் மோசடி. நடுவில் இருப்பது பெண் பார்க்கிற நாள். மாடியில் பத்து நிமிஷம் தனியாகப் பேச விடுவார்களே, அதுதான். அங்கேயும் 'எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை' என்ற ஒற்றை வரி போதாது. எந்தப் பெண்ணும் 'எங்க அண்ணனும் அப்படித்தான்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அண்ணன் என்றால் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வராத ஆள் என்று அதற்குக் கணக்கு. நீங்கள் நடைமுறையைச் சொல்ல வேண்டும். ஐயர் வேண்டாம் என்பீர்களா? வீட்டில் விளக்கு ஏற்றினால் முகம் சுளிப்பீர்களா? பிள்ளைக்கு முதல் மொட்டை குலசாமிக்கா, சலூனுக்கா? மீனாட்சி கல்யாணத்தன்று அது தாலிக் கயிறு மாற்ற உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பீர்களா, பேப்பரை விரிப்பீர்களா? இவ்வளவுக்கும் உங்களுக்கே பதில் தெரியாவிட்டால் முதலில் அதை யோசியுங்கள். பெண் பார்ப்பதைச் சித்திரைக்குத் தள்ளலாம்.

இங்கே நம் பழைய சண்டை ஒன்று. மேடையில் கறுப்புச் சட்டை போட்டு முழங்கிவிட்டு, வீட்டில் மனைவியின் சாமி படத்தைப் பரணில் ஏற்றுகிற வீரர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம் நாலு பேர் சந்தாவை நிறுத்துவதாக மிரட்டுகிறார்கள். நிறுத்தட்டும். தன் நெற்றியைக் காலியாக வைத்துக்கொள்ள ஒருவனுக்கு எவ்வளவு உரிமையோ, அவ்வளவு உரிமை அவளுக்குப் பொட்டு வைக்க உண்டு. 1946இல் மதுரையில் கருஞ்சட்டை மாநாட்டுப் பந்தலைக் கொளுத்தினார்களே, அந்த நாளில் வெளியே சொல்வதற்குத் துணிச்சல் தேவைப்பட்டது. பெண்டாட்டியின் முளைப்பாரியைத் தடுக்க என்ன துணிச்சல் வேண்டிக்கிடக்கிறது?

பார்க்கிற பெண்ணும் ஐயர் இல்லாத கல்யாணத்துக்குச் சம்மதித்தால் சட்டம் உங்கள் பக்கம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு இருக்கிறது. ஐயர், அக்கினி எதுவும் வேண்டாம். உறவினர், நண்பர் அல்லது வேறு யார் முன்னிலையிலாவது ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம், மாலையோ மோதிரமோ மாற்றலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். இருவரும் சட்டப்படி இந்துவாக இருக்க வேண்டும். நாத்திகன் எப்படி இந்து என்று துள்ளாதீர்கள். முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் என்று கழித்துவிட்டு மிச்சமிருக்கிறவர்களையெல்லாம் அந்தச் சட்டம் வாரிப் போட்டுக்கொள்ளும். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கும் அப்படியே நிற்கும். அப்பா சுயமாகச் சம்பாதித்ததை மட்டும் அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். கோயில் ரசீது இருக்காது என்பதால் அழைப்பிதழ்தான் ஆதாரம். அதில் தேதியும் இடமும் தெளிவாக, பெயரும் முதலெழுத்தும் ஆதாரோடு ஒத்துப்போகிற மாதிரி அச்சடியுங்கள். 'சே. முத்துக்குமார்' ஓரிடத்தில், 'முத்துகுமார் எஸ்' ஓரிடத்தில் என்று இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அலைச்சல்தான். பெண் வேறு மதமென்றால் 1954ஆம் வருஷச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் நோட்டீஸ், மூன்று சாட்சி. நோட்டீஸ் பலகையை நம் சித்தப்பாமார் எவனாவது படிக்காமல் விடமாட்டான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

உற்சாகத்தில் சாதி மதம் அற்றவர் சான்றிதழுக்கு மனுப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பத்தூரில் ஒரு பெண் வழக்கறிஞர் போராடி 2019இல் வாங்கினார், மரியாதைக்குரிய காரியம். ஆனால் அதை வாங்கிக்கொண்டு இடஒதுக்கீட்டுக்குப் போய் நிற்க முடியாது. பட்டியல் சாதித் தகுதிக்கு இந்து, சீக்கியம், பௌத்தம் மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே சட்டம். அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறவர்கள் சான்றிதழை உடனே வாங்கி மாட்ட வேண்டாம்.

உங்களுக்கு அக்கா தங்கை இருந்தால் இன்னொரு சோதனை வரும்: காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் குத்துவார்கள். நாத்திகம் பேசித் தப்பிக்க முடியாது, தப்பிக்கவும் வேண்டாம். அது மாமன் உறவுக்குப் போடுகிற ஆசனம். பிள்ளை உங்கள் கொள்கைக்காக அழாது, ஊசிக்குத்தான் அழும். தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று அக்காவிடம் கேளுங்கள். ஆசாரி ஊசியை உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கட்டும். மொட்டை போடுகிறவர் பிளேடை ஒவ்வொரு தலைக்கும் மாற்றட்டும். வரிசையில் முப்பது பிள்ளைகள் நிற்கும்போது இதைக் கேட்டால் 'சாமி காரியத்துல என்னடா சந்தேகம்' என்று ஒரு பெரியவர் அதட்டுவார். அவரிடம் மட்டும் வெளிப்படையாகப் பேசலாம்.