மீன்தொட்டி கேள்வி - பதில்: பன்னிரண்டு அடி ஏற வேண்டிய தண்ணீர்

கேள்வி: எங்கள் மீன்தொட்டி 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். வரவேற்பறையில் இரைச்சல் வேண்டாம் என்று சம்ப்பை (தொட்டித் தண்ணீர் இறங்கி வடிகட்டப்படும் துணைத் தொட்டி) கீழ்த்தளத்தில் வைத்துவிட்டோம். தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்ற, மணிக்கு 6,000 லிட்டர் என்று போட்டிருந்த, வேகத்தை மாற்றக்கூடிய டிசி பம்ப் ஒன்று வாங்கினேன். பெட்டியில் ‘எச் மேக்ஸ் 4 மீட்டர்’ என்றும் இருக்கிறது. எனக்கு உயரம் 12 அடிதான். ஆனால் 10 லிட்டர் வாளி நிறைய முழுசாக ஒரு நிமிடம் ஆகிறது. வேகத்தை 90 சதவீதத்துக்கு இறக்கினால் அதுவும் நின்றுவிடுகிறது. பம்ப் பழுதா? இதே பம்ப் இன்னொன்று வாங்கிப் பக்கத்தில் போட்டால் சரியாகுமா?

பதில்: வாளி வைத்து அளந்தீர்களே, அதற்கே முதலில் ஒரு சபாஷ். பலர் ‘தண்ணி கம்மியா வருது சார்’ என்று மட்டும் எழுதுவார்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் மணிக்கு 600. பெட்டியில் போட்டதில் பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் உங்கள் பம்ப்பில் பழுது ஒன்றும் இல்லை.

பெட்டியில் இருக்கும் இரண்டு எண்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் உண்மையாவதில்லை. 6,000 லிட்டர் என்பது தண்ணீரை ஒரு அங்குலம்கூடத் தூக்காமல் அப்படியே தள்ளும்போது வருவது. 4 மீட்டர் என்பது தண்ணீர் குழாய்க்குள் ஏறி, அதற்குமேல் போக முடியாமல் நிற்கும் உயரம். அங்கே வரத்து பூஜ்யம். 4 மீட்டர் என்றால் 13 அடி சொச்சம். நீங்கள் 12 அடியில் நிற்கிறீர்கள், அதாவது அது மூச்சு முட்டி நிற்கும் இடத்துக்கு ஓர் அடி முன்னால். அங்கே 600 லிட்டர் வருவதே பெரிது.

வேகத்தைக் குறைத்ததும் ஏன் நின்றது என்பதுதான் சுவாரசியமான விஷயம். சுழற்சி வேகத்தைக் குறைத்தால் தள்ளும் அளவு அதே விகிதத்தில் குறையும். ஆனால் ஏற்றும் உயரம் வேகத்தின் வர்க்கத்தில் குறையும். 90 சதவீதம் என்றால் 0.9 × 0.9 = 0.81. 13 அடி பத்தரை அடியாகிவிட்டது. உங்கள் தொட்டியோ 12 அடியில். மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், இம்பெல்லர் (உள்ளே சுழலும் விசிறி) அதே தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும், மேலே ஒரு சொட்டு வராது. ‘வேகத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம்’ என்று சொல்லி விற்கும் பம்ப்புகளில் இதை யாரும் சொல்வதில்லை. தொட்டிக்கு அடியிலேயே சம்ப் இருக்கும் வீட்டில் அந்த வசதி நல்ல வசதிதான். கீழ்த்தளத்திலிருந்து ஏற்றுகிறவருக்கு வேகத்தைக் குறைக்கக் கொஞ்சம் இடம்தான் இருக்கும்.

இன்னொன்று வாங்கிப் பக்கத்தில் போட வேண்டாம். இரண்டு பம்ப் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் தண்ணீரின் அளவு கூடும், ஏறும் உயரம் கூடாது. ஆறடி ஆள் எட்டாத பரணை இரண்டு ஆறடி ஆட்கள் சேர்ந்து நின்றாலும் எட்ட மாட்டார்கள். ஒருவர் தோளில் ஒருவர் ஏறுகிற மாதிரி, ஒன்றின் வாயை மற்றதன் உறிஞ்சு முனையில் மாட்டினால் உயரம் கூடும், உண்மைதான். ஆனால் ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சரி, எதை வாங்குவது? முதலில் எவ்வளவு தண்ணீர் தேவை என்று பாருங்கள். உங்கள் தொட்டி சுமார் 540 லிட்டர். சம்ப் வழியாக மணிக்கு நாலு முறை சுற்றினால் தாராளம். தொட்டிக்குள் அலையும் ஓட்டமும் வேண்டுமென்றால் அதற்கு வேவ்மேக்கர் இருக்கிறது. 12 அடி ஏற்றிய தண்ணீரைக் கொண்டு அந்த வேலையைச் செய்வது வீண் செலவு. ஆக 2,400 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது உயரம். சம்ப்பின் நீர்மட்டத்திலிருந்து குழாய் ஏறும் மிக உயரமான இடம் வரை அளக்க வேண்டும். பம்ப் சம்ப்பின் அடியில் கிடக்கிறதே என்று அந்த ஓர் அடியைச் சேர்க்காதீர்கள், மேலே நிற்கும் தண்ணீர் அதைத் தானே தள்ளிக் கொடுத்துவிடும். இதோடு குழாயின் உராய்வையும் கூட்ட வேண்டும். உங்கள் குழாயின் நீளத்தை எழுதவில்லை. 30 அடி, 6 எல்போ என்று வைத்துக் கணக்குப் போட்டேன். உள்விட்டம் 1 இஞ்ச் என்றால் 2,400 லிட்டர் ஓட்டத்தில் உராய்வுக்கு மட்டும் ஏறக்குறைய 4 அடி போகிறது. ஒன்றேகால் இஞ்ச் போட்டால் ஒன்றேகால் அடிதான். ஒன்றரை இஞ்ச் போட்டால் அரை அடி. குழாய்க்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்தால் பம்ப்பிலும் கரண்டிலும் மிச்சம். பம்ப்பின் வாய் 1 இஞ்ச்தானே என்று அதே அளவில் மேலே வரை கொண்டுபோகாதீர்கள். வாயிலேயே ரெட்யூசர் (சிறிய குழாயையும் பெரிய குழாயையும் இணைக்கும் துண்டு) போட்டுப் பெரிதாக்கிவிடுங்கள்.

‘பெரிய குழாயில் தண்ணீர் அதிகம், பாரம் அதிகம், பம்ப் திணறாதா?’ என்று இதே தபாலில் இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். திணறாது. அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது, குழாயின் பருமனைப் பொறுத்தது அல்ல. 12 அடி நீர் ஒரு விரல் குழாயில் நின்றாலும் கிணற்றில் நின்றாலும் அடியில் அழுத்தம் ஒன்றுதான்.

ஆக ஒன்றேகால் இஞ்ச் குழாயோடு மொத்தம் பதின்மூன்றரை அடி என்று வருகிறது. இப்போது பெட்டியை விட்டுவிட்டு, பம்ப்போடு தரும் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் லிட்டர், நடுவே இறங்கும் வளைகோடு. பதின்மூன்றரை அடியில், வேண்டாம், தூசி சேரும், குழாயில் பாசி படியும், 15 அடி என்றே வையுங்கள், அங்கே 2,400 லிட்டருக்குக் குறையாமல் காட்டுகிற பம்ப்பை எடுங்கள். அதன் உச்ச உயரம் 20 அடிக்கு மேல் இருக்கும். ‘பிரஷர் பம்ப்’ என்ற வகையில் தேடினால் கிடைக்கும். வரைபடமே தராத பம்ப்பை நான் தொடுவதில்லை.

வாட்டையும் ஒரு பார்வை பாருங்கள். அவ்வளவு தண்ணீரைப் பதின்மூன்றரை அடி தூக்க, எதுவுமே வீணாகாவிட்டாலும் 27 வாட் வேண்டும். சிறிய பம்ப்புகள் பாதிக்கு மேல் வீணாக்கும் ஜாதி. 80, 100 வாட் போட்டிருந்தால் நம்பலாம். 35 வாட்டில் செய்கிறேன் என்று ஒரு பெட்டி சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். கூடுதலாக வந்தால் பம்ப்பின் வெளிவாயில் ஒரு பால் வால்வு போட்டு அடக்கலாம். உறிஞ்சும் பக்கம் அடக்கக் கூடாது, இம்பெல்லர் அரிக்கும். தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் இந்த அளவைத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சம்ப் கீழ்த்தளத்தில் இருந்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் எல்லாம் கீழே வந்துவிடாதா? செக் வால்வு (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு) போட்டால் போதும்தானே?

பதில்: போதாது. உப்பும் பாசியும் படிந்து ஒருநாள் அது மூடாமல் நிற்கும், அன்றைக்குத்தான் கரண்ட் போகும். என் பழைய தொட்டி 4 அடிக்கு ஒன்றரை அடி; ஒரு சென்டிமீட்டர் மட்டம் இறங்கினால் ஐந்தரை லிட்டர். திரும்பும் குழாயின் வாயை நீருக்கு அடியில் 15 சென்டிமீட்டரில் வைத்திருந்தேன்; பம்ப் நின்றால் அந்த வாய் வரை தண்ணீர் அதே குழாய் வழியாகக் கீழே இறங்கிவிடும். காற்று நுழைந்து உறிஞ்சலை முறிக்க, நீர்மட்டத்தை ஒட்டி ஒரு துளை போட்டிருந்ததால் தைரியம். ஓர் இரவு கரண்ட் போனது. காலையில் கீழே இறங்கியவன் கணுக்கால் நனையத்தான் கால் வைத்தேன். துளையில் பொருத்திவைத்த மாதிரி ஒரு குட்டி நத்தை. 80 லிட்டர், தரையில்.

இப்போது வாயையே மட்டத்திலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் வைத்துவிட்டேன், நத்தை எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும். நீங்களும் ஒரு முறை, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது துளையை விரலால் மூடிக்கொண்டு பம்ப்பை நிறுத்திப் பாருங்கள். குழாய்களில் நின்ற தண்ணீரும் சேர்ந்து இறங்கி முடிந்த பிறகும் சம்ப் வழியக் கூடாது. வழியாமல் நின்றால், ஓடும்போது சம்ப்பில் மட்டம் எங்கே இருந்ததோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு. அதற்கு மேல் ஒரு குவளைகூட ஊற்றாதீர்கள்.

கேள்வி: சம்ப்புக்கு வெளியே வைக்கும் பம்ப்பை, தரை ஈரம் படாமல் இருக்கச் சுவர் அலமாரியில் வைக்கலாமா?

பதில்: சம்ப்பின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் வைக்கலாம். மேலே வைத்தால், கரண்ட் போய் வந்ததும் அது தானாக நீரை இழுத்துக்கொள்ளாது. வெறும் காற்றில் சுற்றி சீல் கருகும். ஈரம்தான் கவலை என்றால் சம்ப்பையே ஒரு ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள், ஏற்ற வேண்டிய உயரமும் ஓர் அடி குறையும். இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு), பால் வால்வு போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பம்ப்பைக் கழுவ ஒவ்வொரு முறையும் குழாயை அறுக்க வேண்டியிருக்கும்.