சிறிய கல்லூரியில் சின்ன விளையாட்டுகளுக்குப் பணம் வராதபோது அணியை எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறிய கல்லூரி. வாள்வீச்சு அணியில் ஒன்பது பேர். விளையாட்டுக்கென்று இருக்கிற பணம் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்குமே தீர்ந்துவிடுகிறது. கேட்டால் "இந்த ஆண்டு முடியாது, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாங்களே நடத்தலாமா, இல்லை அணியைக் கலைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கலைக்க வேண்டாம். ஆனால் ஆளுக்குக் கொஞ்சம் போடுவதையும் வழக்கமாக்கிவிடாதீர்கள். படிக்கிற காலத்தில் மூன்று ஆண்டுகள் இப்படி ஓர் அணியில் ஆடியிருக்கிறேன். பிறகு ஆறு ஆண்டுகள் ஒரு சிறிய கல்லூரியில் வாள்வீச்சுக்குப் பொறுப்பாக இருந்தேன். அந்த ஆறு ஆண்டுகளில் நான் செய்த பெரிய தவறு இந்த வசூல்தான்.

பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டு. போட்டிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது, பயணப் பணம் வரவில்லை. "இப்போதைக்கு ஆளுக்கு இவ்வளவு போட்டுக்கொள்ளலாம், கல்லூரி பிறகு திருப்பித் தந்துவிடும்" என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அணியில் இடதுகைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். வாள்வீச்சில் இடதுகை ஆட்டம் பெரிய வரம். வலதுகைக்காரர்களோடு மட்டுமே ஆடிப் பழகியவர்களுக்கு அந்தக் கோணம் பிடிபட நேரமாகும், அதற்குள் இரண்டு மூன்று புள்ளிகள் போய்விடும். அந்த வாரத்திலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை. கேட்டதற்குத் தேர்வு இருக்கிறது என்றாள். நானும் நம்பினேன். பருவம் முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான் அவளுடைய தோழி சொன்னாள், தேர்வெல்லாம் இல்லை, வீட்டில் கேட்க முடியாத நிலைமை என்று. அதை என்னிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. யார் நன்றாக ஆடுகிறார்கள் என்று பார்த்து அணியைத் தேர்ந்தெடுப்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு யாரால் பணம் கொடுக்க முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

அதனால்தான் சொல்கிறேன், வசூல் அணியைக் காப்பாற்றுவதுபோலத் தெரியும், ஆனால் உள்ளே ஆளை மாற்றிவிடும். போனவர்கள் ஏன் போனார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. அவசரத்துக்கு ஒருமுறை போடத்தான் வேண்டும் என்றால், யார் எவ்வளவு போட்டார்கள் என்பது ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாதபடி செய்யுங்கள்.

சரி, பணம் எங்கே போகிறது என்பதைப் பார்ப்போம். கல்லூரிகள் பொருள் வாங்கித் தரத் தயங்குவது குறைவு. ஏதோ ஒரு நல்ல ஆண்டில் வாள்கள், முகக்கவசங்கள், குத்து பட்டால் விளக்கு எரிகிற ஸ்கோர் பெட்டி எல்லாம் மொத்தமாக வாங்குவார்கள், படம் எடுப்பார்கள். அதோடு அந்த விளையாட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாக எண்ணம். அப்புறம் நான்கு ஆண்டுகளுக்கு எதுவும் வராது. ஆனால் இந்த ஆட்டத்தைத் தின்பது சின்னச் சின்னச் செலவுகள்தான். பாடி வயரை எடுத்துக்கொள்ளுங்கள். வாளின் நுனியில் இருக்கிற சின்ன ஸ்விட்ச் அழுந்தினால் அந்தச் சேதியை வாளிலிருந்து ஸ்கோர் பெட்டியை நோக்கிக் கொண்டுபோவது அதுதான். சட்டைக்குள் ஓடும் சாதாரண வயர். பிளக்குக்குப் பக்கத்தில் வளைந்து வளைந்து, உறைக்குள்ளேயே செம்பு இழை அறுந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆட்டத்தின் நடுவே சரியாகக் குத்தியும் விளக்கு எரியாது, பிள்ளை திரும்பி உங்களைப் பார்ப்பாள்.

போட்டிக்கு முந்தைய இரவுகளில் பொருள் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு வயராக மல்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பேன். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை மெதுவாக வளைக்க வேண்டும். பீப் சத்தம் விட்டு விட்டு வந்தால் அங்கேதான் அறுந்திருக்கிறது. அந்த இடத்துக்கு மேலே வெட்டி, உறையைச் சீவி, இழையை முறுக்கித் திருகில் மாட்டினால் இன்னொரு மாதம் ஓடும். ஒவ்வொரு வெட்டுக்கும் வயர் ஒரு விரற்கடை குறையும். கடைசியில் உயரமான பையன் கையை நீட்டும்போது எட்டாது. இப்படி ஒரு பருவத்தில் ஐந்து வயர், நான்கு பிளேடு, நுனிகளுக்கான திருகும் ஸ்பிரிங்கும் என்று எங்கள் அணி தின்றது. இவற்றில் எதுவும் "உபகரணம்" என்ற தலைப்பில் வராது. நுழைவுக் கட்டணமும் பயணமும் வேறு. உங்கள் விண்ணப்பத்தில் "வாள்வீச்சு உபகரணங்கள் வேண்டும்" என்று எழுதியிருந்தால், "போன தடவை வாங்கியது என்ன ஆயிற்று?" என்று கேட்பது இயல்புதான். கேட்கிறவர் மேல் குற்றமில்லை, நாம் எழுதிய விதம் அப்படி.

எனக்கு இதைப் புரியவைத்தவர் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெரியவர். மூன்றாவது முறையாக விண்ணப்பத்தோடு போய் நின்றேன். பட்ஜெட் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். கால்பந்துக்கு ஒரு வரி, கூடைப்பந்துக்கு ஒரு வரி, தடகளத்துக்கு ஒரு வரி. கடைசியில் "இதர விளையாட்டுகள்" என்று ஒரு வரி. வாள்வீச்சு, வில்வித்தை, டேபிள் டென்னிஸ், சதுரங்கம் நான்கும் அதற்குள். "உங்க ஆட்டத்துக்கு இதுல பேரே இல்லையே மேடம். மத்தவங்க எடுத்த பிறகு இதரவுல மிச்சம் இருந்தாத்தானே உங்களுக்கு வரும்?" என்றார். இரண்டு ஆண்டுகளாக நான் தொகையைக் கூட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டிருக்க வேண்டியது தனி வரி. தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, பெயரோடு ஒரு வரி இருந்தால் அது அடுத்த ஆண்டுத் தாளில் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எடுக்க வேண்டுமென்றால் ஒருவர் முடிவு செய்து அடிக்க வேண்டும், அடித்ததற்குக் காரணமும் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் இப்போது முதலில் செய்ய வேண்டியது உங்கள் கல்லூரியின் பட்ஜெட் தாளில் உங்கள் ஆட்டம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று பார்ப்பது.

பட்ஜெட் எழுதுகிற மாதத்துக்கு முன்பே போய்விடுங்கள். போட்டி அறிவிப்பு வந்த பிறகு கேட்டால் மனமிருந்தாலும் அவர்களால் தர முடியாது. தொகை எவ்வளவு என்பதைவிட எப்போது கைக்கு வருகிறது என்பதையும் கேளுங்கள். பில் கொடுத்தால் பிறகு தருகிறோம் என்பது பல கல்லூரிகளில் நடைமுறை. அப்படி ஏற்பாடு இருந்தால் முதலில் கையிலிருந்து போடுவதற்கு யாராவது வேண்டுமே? மறுபடியும் அந்த இடதுகைப் பெண்ணிடம்தான் போய் நிற்போம். முன்பணமாகக் கேளுங்கள்.

இரண்டாவது, ஒரு பதிவேடு. நாங்கள் சாதாரணக் கோடு போட்ட நோட்டில் எழுதினோம். பயிற்சிக்கு யார் வந்தார்கள், எந்தப் பொருள் எந்தத் தேதியில் கெட்டது, அதைச் சரிசெய்தோமா மாற்றினோமா, போட்டி எங்கே, எத்தனை சுற்று, முடிவு என்ன. ஓர் ஆண்டு முடிந்ததும் அதிலிருந்து ஒரே பக்கம் எடுத்து முதல்வரிடம் கொடுத்தேன். அதுவரை உணர்ச்சியோடு நிறையப் பேசியிருக்கிறேன், பலன் இல்லை. அந்த ஒரு பக்கத்தை அவர் இரண்டு முறை படித்தார்.

மூன்றாவது வாள்வீச்சுக்கு மட்டும் உரியது, ஆனால் உங்களுக்கு உடனே உதவும். வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என்று மூன்று வகை வாள்கள். நீங்கள் ஃபாயில் ஆடுகிறீர்களா, எப்பே ஆடுகிறீர்களா? ஃபாயிலில் கை, கால், தலை நீங்கலாக நடு உடல்தான் இலக்கு. அதனால் ஒவ்வொருவருக்கும் மின்சாரம் கடத்தும் லாமே மேலாடை வேண்டும். வியர்வை உப்பு பட்டுப் பட்டு அதன் உலோக இழை அரித்துப்போகும். அரித்த இடத்தில் சரியாகக் குத்தினாலும் இலக்குக்கு வெளியே பட்டதாக வெள்ளை விளக்குதான் எரியும். சேபருக்கும் லாமே வேண்டும், முகக்கவசமும் மின்கடத்தியாக இருக்க வேண்டும். எப்பேயில் தலை முதல் கால் வரை எங்கே பட்டாலும் புள்ளி, ஆகவே லாமே கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் குத்தினால் யாருக்குப் புள்ளி என்று பார்க்கிற முன்னுரிமை விதியும் இல்லாததால் நடுவரைப் பழக்குவதும் எளிது. நாங்கள் மூன்று வாளையும் வைத்துக்கொண்டு தடுமாறி, கடைசியில் எப்பேயை மட்டும் வைத்துக்கொண்டோம். ஃபாயிலில் மனம் வைத்திருந்த இருவருக்கு வருத்தம்தான், எனக்கும் வருத்தம். ஆனால் அணி நின்றது.

எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், முகக்கவசத்திலும் பாதுகாப்பு மேலாடையிலும் மட்டும் வேண்டாம். 1982-இல் ரோமில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் போட்டியில் எதிராளியின் பிளேடு ஒடிந்து முகக்கவசத்தைத் துளைத்ததில் சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் இறந்தார். அவர் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஃபாயிலில் தங்கம் வென்றவர். அதன் பிறகுதான் கவசங்களுக்கும் பிளேடுகளுக்கும் இன்றைய கடுமையான தரம் வந்தது. வலை அமுங்கிய, துருப்பிடித்த முகக்கவசம் ஒன்று எங்கள் அறையில் கிடந்தது. யாரும் அவசரத்தில் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று அதை நானே கத்தரித்துப் போட்டேன். ஆளுக்கொரு நல்ல கவசம் இல்லையென்றால் அன்றைக்குச் சண்டை ஆட்டம் கிடையாது, கால் நகர்வுப் பயிற்சி மட்டும். இதில் நான் யாருக்காகவும் இறங்கி வந்ததில்லை.

நிர்வாகத்திடம் பேசும்போது இரண்டு வாதங்கள் வரும். ஒன்று, "பணமே இல்லை." சிறிய கல்லூரியில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பணம் குவிந்திருக்கிற இடத்திலும் வெட்டு விழுந்தால் முதலில் விழுவது சின்ன ஆட்டங்கள் மேல்தான். உலகின் செல்வாக்கான பல்கலைக்கழகங்களில் ஒன்றான ஸ்டான்ஃபோர்டு, 2020 ஜூலையில் தன் 36 விளையாட்டு அணிகளில் 11-ஐ நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதில் ஆண், பெண் வாள்வீச்சு இரண்டும் இருந்தன. முன்னாள் வீரர்கள் திரண்டார்கள், நிதிக்கு உறுதி கொடுத்தார்கள். அப்போது ஆடிக்கொண்டிருந்த மாணவர்கள் வழக்கும் போட்டார்கள். 2021 மே மாதம் முடிவு திரும்பப் பெறப்பட்டது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, அணியில் ஆடிவிட்டுப் போனவர்களின் பட்டியலை இப்போதே வைத்திருக்க வேண்டும் என்பது. எங்களிடம் இருபத்தாறு பேர்தான் இருந்தார்கள். ஆண்டுக்கு ஒரு கடிதம் எழுதினோம், பணம் கேட்காமல், அணி என்ன செய்தது என்று மட்டும். இரண்டாம் ஆண்டில் ஒருவர் தானாகவே ஒரு ஸ்கோர் பெட்டி வாங்கி அனுப்பினார்.

இன்னொரு வாதம் எனக்கு வலிக்கிற வாதம். "பவானி தேவி மூங்கில் குச்சியை வைத்துப் பழகி ஒலிம்பிக் போகவில்லையா?" என்பார்கள். போனார். டோக்கியோவில் ஒலிம்பிக் களம் கண்ட முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை அவர், முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றார். அவரை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் மூங்கில் குச்சியோடு நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. அவர் பட்ட பாட்டைக் காட்டி அடுத்த பிள்ளைக்குப் பணம் மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதைக் கோபப்படாமல் அப்படியே அவர்களிடம் சொல்லிவிடலாம். நான் சொல்லியிருக்கிறேன்.

நிர்வாகத்தின் காதில் விழுகிற வாதம் வேறு, அது சேர்க்கை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் டிவிஷன் மூன்று என்ற பிரிவில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன, பெரும்பாலானவை சிறியவை. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை தரக் கூடாது என்பது விதி. இருந்தும் சின்ன ஆட்டங்களை வைத்திருக்கிறார்கள். இந்த ஆட்டம் இருக்கிறது என்பதற்காகவே வந்து சேர்கிற மாணவர்கள் இருப்பது அதற்கு ஒரு காரணம். உங்கள் ஒன்பது பேரில் எத்தனை பேர் அப்படிச் சேர்ந்தவர்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். இரண்டு பேர் இருந்தாலும் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த வாதத்தை விட்டுவிடுங்கள், இல்லாததைச் சொன்னால் அடுத்த ஆண்டு உங்கள் பேச்சு எடுபடாது.

எங்களுக்குத் தனி வரி கிடைத்தது நான்காம் ஆண்டில். கேட்டதில் பாதிகூட இல்லை. கணக்குப் பிரிவுப் பெரியவர்தான் முதலில் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பணத்தில் முதலில் வாங்கியவை எட்டு பாடி வயர்களும் ஓர் இடதுகைக் கையுறையும். அவள் அதற்குள் கடைசி ஆண்டுக்கு வந்திருந்தாள். தோழி மூலம் சொல்லி அனுப்பினேன், மூன்று நாள் கழித்து மாலைப் பயிற்சிக்கு வந்தாள். பயணம், நுழைவுக் கட்டணம் எல்லாம் கல்லூரிக் கணக்கு என்று எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவாகச் சொன்னேன், அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு, விரல்களை இரண்டு முறை மடக்கிப் பார்த்துவிட்டு, "யாரோட ஆடணும் மேடம்?" என்று கேட்டாள்.