நோட்டில் அழிக்கப்பட்ட கணக்குகள்: ஒரு தந்தைக்கு மறுமொழி

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மகளை என்னிடம் ஆலோசனைக்கு அழைத்து வந்த அன்று, ஏழாம் வகுப்பு வரை மூளைக்காரி என்று பெயர் எடுத்தவள் ஒன்பதாம் வகுப்பில் கணக்கைத் தொடுவதே இல்லை, சோம்பல் வந்துவிட்டது என்று வருந்தினீர்கள். நீங்கள் விட்டுச் சென்ற அவளுடைய நோட்டைப் பொறுமையாகப் புரட்டினேன். ரப்பர் தேய்த்துத் தேய்த்துப் பல பக்கங்கள் மெலிந்திருக்கின்றன. ஓரிடத்தில் தாளே கிழிந்திருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, ஒரு சமன்பாட்டின் முதல் மூன்று படிகள் சரியாக இருந்ததும், நான்காவதில் கழித்தல் குறி மாறியவுடன் முழுவதையும் அவள் அழித்திருப்பதும் தெரிந்தது. சோம்பல் பிடித்த பிள்ளை இத்தனை முறை எழுதி அழிக்காது.

முயன்று தவறினால் 'தெரியாதவள்' என்று பெயர் வரும், முயலாமல் இருந்தால் 'சோம்பேறி' என்று பெயர் வரும். இவற்றில் இரண்டாவதே பிள்ளைக்குக் குறைவாக வலிக்கிறது. அதோடு, மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய விவரங்கள் மிகச் சில என்பதால், அந்தக் கொஞ்ச இடத்தையும் கவலை பிடித்துக்கொண்டால் தெரிந்த படியும் பரீட்சையில் நினைவுக்கு வராது.

'மூளைக்காரி' என்ற பாராட்டும் இதில் சேர்ந்திருக்கிறது என்று சொன்னால் தவறாக எண்ணாதீர்கள். உளவியலாளர்கள் முல்லரும் ட்வெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், புத்திசாலி என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடினமான புதிரில் தோற்றதும் தளர்ந்தார்கள். உழைப்பைப் பாராட்டப் பெற்றவர்களோ விடாமல் முயன்றார்கள்.

நம் பாலக்காட்டு எல்லையில், எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்களின் படம்தான் ஃபிளெக்ஸில் வருகிறது. எஸ்.எஸ்.எல்.சி. விடைத்தாளில் சரியான படிகளுக்குத் தனியே மதிப்பெண் உண்டு என்பதையும், சில பாடங்களில் தவறியவர்கள் அதே ஆண்டில் 'சே' (SAY - Save A Year) எனும் மறுதேர்வு எழுதலாம் என்பதையும் அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிளஸ் ஒன்னில் சயன்ஸ் வேண்டாம், ஹியுமானிட்டீஸ் (வரலாறு, பொருளியல் போன்ற பாடங்கள் உள்ள பிரிவு) போதும் என்கிறாளே என்று கேட்டீர்கள். ஹியுமானிட்டீஸ் நல்ல பிரிவுதான். விரும்பி எடுத்தால் நானே ஆதரிப்பேன். ஆனால் இப்போது அவளுடைய பயம் பேசுகிறது, ஆகவே அந்த முடிவைப் பத்தாம் வகுப்பு வரை தள்ளி வையுங்கள்.

அதுவரை ரப்பரை எடுத்து வைத்துவிட்டு, தவறிய படியை ஒரே கோட்டால் அடித்து, அதன் கீழேயே தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள். இரவில் மார்க்கைக் கேட்காமல், "இன்றைக்கு எந்தப் படியில் சிக்கினாய் அம்மா?" என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை அருகில் இருங்கள். அடுத்த மாதம் வரும்போது, அடித்த கோடுகளுடன் அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள்.