தெருவில் காரணமின்றி நிற்பதற்கு மாநகராட்சி அபராதம் விதிக்க முடியுமா?

கேள்வி: வேலூரில் மருத்துவமனைக்கு அருகே வாடகை இடத்தில் டீக்கடை நடத்துகிறேன். வெளிமாநில நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே கடை வாசலில் வந்து நிற்பார்கள். கொத்தனார்களும் சித்தாள்களும் மேஸ்திரிக்காக அங்கேதான் காத்திருப்பார்கள். குடிகாரர் தொல்லையையும் சங்கிலிப் பறிப்பையும் காரணம் காட்டி, இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தெருவில் காரணமின்றி நிற்பவர்களுக்கு அபராதம் விதிக்கத் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் தெரு வணிகர்கள் சிலர் கவுன்சிலரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள். தீர்மானம் நிறைவேறினால் இவர்களைப் பிடிப்பார்களா? என்மீதும் வழக்கு வருமா? – ஒரு வாசகி, வேலூர்.

பதில்: மாமன்றத்தில் கையெண்ணி நிறைவேற்றும் தீர்மானம் ஒன்றினால் மட்டும் எந்தச் செயலும் குற்றமாகிவிடாது. அபராதம் விதிக்க வேண்டுமானால், தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 தரும் அதிகாரத்துக்கு உட்பட்டு முறையாகத் துணை விதி இயற்றப்பட வேண்டும். அதற்கு மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். ஆகவே, தீர்மானம் நிறைவேறிய மறுநாளே யாராவது ரசீதுப் புத்தகத்துடன் உங்கள் கடை வாசலுக்கு வந்தால், எந்தத் துணை விதியின் எந்தப் பிரிவின்படி வசூலிக்கிறார் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இதைவிட அடிப்படையான தடை ஒன்று இருக்கிறது. பொது ஒழுங்கும் காவலும் அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் முதல் இரண்டு இனங்களாக இடம்பெற்றிருக்கின்றன. நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொருள்களைக் கூறும் பன்னிரண்டாவது அட்டவணையிலுள்ள 18 இனங்களில் இவை இரண்டும் இல்லை. தெருவைச் செப்பனிடுவது, விளக்குப் போடுவது, குப்பை அள்ளுவது, நடைபாதை ஆக்கிரமிப்பை அகற்றுவது ஆகியவை மாநகராட்சியின் வேலைகள். தெருவில் நிற்பவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஆராய்வது அதன் வேலை அன்று.

அரசு ஒப்புதலுடன் துணை விதியாகவே வந்தாலும் அது நீதிமன்றத்தில் நிற்பது கடினம் என்பதே என் கருத்து. அரசமைப்புச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு ‘சட்டம்’ என்பதில் துணை விதியையும் வெளிப்படையாகச் சேர்த்திருப்பதால், அடிப்படை உரிமையைப் பறிக்கும் துணை விதியும் செல்லாததே. நாடெங்கும் தடையின்றி நடமாடும் உரிமை 19(1)(ஈ) பிரிவில் உள்ளது. பொதுமக்கள் நலன் கருதி அதற்குக் கட்டுப்பாடு விதிக்கலாம். ஆனால், அது நியாயமான கட்டுப்பாடாக இருக்க வேண்டும். ‘காரணமின்றி’ என்பதை யார், எதை அளவாக வைத்துத் தீர்மானிப்பது? ஜார்க்கண்டிலிருந்து தந்தையின் சிகிச்சைக்காக வந்து, லாட்ஜ் வாடகைக்கு வழியில்லாமல், கையில் ஓ.பி. சீட்டுடன் உங்கள் கடையோரம் நிற்கும் இளைஞருக்குத் தமிழில் காரணம் சொல்லத் தெரியாது என்பதற்காக அவர் குற்றவாளி ஆகிவிடுவாரா? யார் குண்டர் என்று தீர்மானிக்கத் தெளிவான அளவுகோல் தராத மத்திய மாகாணக் குண்டர் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, பல்தேவ் பிரசாத் வழக்கில் 1960-இலேயே உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்தது. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு 2015-இல் நீக்கப்பட்டதற்கும் தெளிவின்மை ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவின் சிகாகோ நகரமன்றம் 1992-இல் ஏறத்தாழ இதே போன்ற விதி ஒன்றைக் கொண்டுவந்தது. ‘வெளிப்படையான நோக்கமின்றி ஓரிடத்தில் நிற்பது’ என்ற அதன் சொற்கள் போலீஸாருக்கு வரம்பற்ற அதிகாரம் தருகின்றன என்று 1999-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அத்தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும், வாதத்துக்கு உதவும்.

வணிகர்களின் கவலையைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அதற்குப் புதிய விதி தேவையில்லை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுப்பதற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 355-ஆவது பிரிவும், பொதுவழியை மறிப்பதற்கு 285-ஆவது பிரிவும் இருக்கின்றன. குற்றம் செய்யும் நோக்கில் பதுங்கித் திரிபவர்மீது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணால் 109 என்று சொல்லப்பட்ட சந்தேக வழக்கு, இப்போது அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 128-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. வெளிச்சத்தில் டீ குடித்துக்கொண்டு நிற்பவருக்கு அது பொருந்தாது.

வணிகர்களின் வெறும் மனு நிலையிலேயே உயர் நீதிமன்றத்தில் ரிட் (உரிமை காக்க நீதிமன்ற ஆணை கோரும் மனு) தாக்கல் செய்தால், காலத்துக்கு முந்தியது என்று தள்ளுபடியாகவே வாய்ப்பு அதிகம். முதலில் மாமன்றக் கூட்டப் பொருளில் இது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதற்காகக் காத்திராமல் மேயருக்கும் ஆணையருக்கும் எழுத்துபூர்வமாக ஆட்சேபம் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். ஆட்சேபத்தில் உணர்ச்சிகரமான வரிகளைவிட, எந்த நேரத்தில் எவ்வளவு பேர், எதற்காக நிற்கிறார்கள் என்ற விவரமே பயன்படும். தெருவிளக்கு, இரவு ரோந்து, உடன் வந்தவர்களுக்குத் தங்குமிடம் ஆகிய மாற்றுகளையும் அதில் கேளுங்கள். துணை விதி உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தால், அப்போது அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடலாம்.

வாடிக்கையாளர் வாசலில் நிற்பதற்காக உங்கள்மீது வழக்கு வராது. ஆனால், நடைபாதையில் பெஞ்சு போட்டிருந்தால் அது வேறு விஷயம். அதை அகற்ற மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு, ஆட்சேபம் கொடுத்தவரின் கடையைத்தான் முதலில் வந்து பார்ப்பார்கள். ஆட்சேபம் எழுதுவதற்கு முன் பெஞ்சை உள்ளே எடுத்துவிடுங்கள்.

இதற்கிடையே யாரையாவது போலீஸார் அழைத்துச் சென்றால், கைதுக்கான காரணத்தை அவருக்குச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும். பெட்டி கேஸ்தானே என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருவது பலரின் வழக்கம். அது தண்டனையாகவே பதிவாகும். ஒப்புக்கொள்வதற்கு முன் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழைத்தாலோ, சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினாலோ, தகுதியுடையவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் ஏற்பாடு செய்து தருவார்கள்.