விருந்தாளி பெயர் அட்டையில், பாடியவர் பெயர் எங்கே?

கேள்வி: கல்யாண வீட்டு டி.ஜே.க்கள் தவறாமல் போடும் 'முண்டியான் தோ பச் கே' பாட்டின் ஒரு வெர்ஷனில் யாரோ இங்கிலீஷில் ராப் பண்ணுகிறாரே, யார் சார் அது? பஞ்சாபிப் பாட்டுக்குள் அவர் எப்படி நுழைந்தார்?
கோவை வாசகர்

பதில்: ஜே-இஸட், நியூயார்க் புரூக்ளின்காரர். 2003-ல் அவர் வந்து சேர்ந்தபோது பாட்டுக்கு ஐந்து வயது ஆகியிருந்தது. இங்கிலாந்தின் கவன்ட்ரிக்காரரான பஞ்சாபி எம்.சி. (இயற்பெயர் ராஜிந்தர் சிங் ராய்) 1998-ல் தன் ஆல்பத்தில் போட்ட பாட்டு அது. பல வருடம் பாங்ரா (பஞ்சாபி ஆட்டப்பாட்டு) ரசிகர்களோடு நின்றுபோய், அப்புறம் ஜெர்மனி பக்கம் சூடுபிடித்து, 2003 ஜனவரியில் பிரிட்டன் டாப் 10-க்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஐரோப்பாவில் ஒரு கிளப்பில் இதைக் கேட்ட ஜே-இஸட், நானும் இதில் சேர்ந்துகொள்கிறேன் என்று தானாகவே கேட்டு வந்தார். இராக் போர் நடந்த வருடம் என்பதால், வழக்கமான சொந்தப் பெருமைக்கு நடுவே இராக்கை விட்டுவிடுங்கள் என்றும் ஒரு வரி வைத்தார். கல்யாண வீட்டில் ஆடுகிறவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை!

கேள்வி: ஃப்யூஷன் என்ற பேரில் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறார்கள். இந்தப் பாட்டில் மட்டும் என்ன விசேஷம்?
திருநெல்வேலி வாசகர்

பதில்: உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் இதை நல்ல ஹெட்போனில் ஒரு தடவை கேளுங்கள். அடியில் தடதடவென்று ஓடுகிற பேஸ் (கனத்த கீழ்க்குரல் இசை), பேசும் கறுப்புக் கார் வருமே, 'நைட் ரைடர்' என்ற 1982 அமெரிக்க டி.வி. தொடர், அதன் டைட்டில் இசையிலிருந்து எடுத்தது. உச்சியில் கேட்பது தும்பி (நம்ம ஊர்த் தும்பி இல்லை, பஞ்சாபின் ஒற்றைத் தந்தி வாத்தியம், ஆனாலும் அந்த ரீங்காரத்துக்கு நம் காதில் பொருந்திப்போகிற பெயர்). ஆள்காட்டி விரலால் சுண்டிச் சுண்டி வாசிப்பது, ஒற்றைத் தந்தி என்பதால் சின்னதாக ஒரு துணுக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சுற்றும். ஹிப் ஹாப்பும் ஒரு துண்டு இசையைச் சுற்றவிட்டு அதன் மேல் பேசுவதுதானே? அதனால் இரண்டையும் ஒட்டவைக்க யாரும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. கீழே பேஸ், மேலே தும்பி, நடுவில் ஒரு குரல் உட்காரும் அளவுக்கு இடம் காலி. பஞ்சாபியில் பாடினாலும் சரி, புரூக்ளின் இங்கிலீஷில் பேசினாலும் சரி, இடிக்காது.

கேள்வி: ஒரிஜினலா, ஜே-இஸட் வெர்ஷனா? ஒரே வார்த்தையில் சொல்லவும்.
சென்னை வாசகர்

பதில்: ஒரிஜினல். (ஒரே வார்த்தையோடு நிறுத்த மனமில்லை. பையன்களிடம் ஜாக்கிரதையாக இரு என்று வயசுப் பெண்ணுக்குப் புத்தி சொல்கிற பாட்டு இது. ஜே-இஸட் வெர்ஷனில் அந்தப் பையனே நேரில் வந்து நின்று அலட்டிக்கொள்கிறான். அந்த வேடிக்கைக்காக அதையும் கேட்கலாம்.)

கேள்வி: அமெரிக்காவில் தனிப்பாட்டாக வந்த சிங்கிளில் 'பஞ்சாபி எம்.சி., ஃபீச்சரிங் ஜே-இஸட்' என்று இரண்டு பெயர்தான் இருக்கிறது. பஞ்சாபியில் பாடுகிறவர் பஞ்சாபி எம்.சி.தானா?
சேலம் வாசகர்

பதில்: இல்லை, அவர் இசையமைத்தவர். பாடியவர் லாப் ஜன்ஜுவா. ஃபீச்சரிங் என்றால் விருந்தாளி என்று அர்த்தம். வந்த விருந்தாளிக்குப் பெயர் போட்டார்கள், வீட்டுக்காரரை விட்டுவிட்டார்கள். பாட்டு முழுக்கத் தொண்டையைக் கொடுத்தவர் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர் பின்னால் இந்திப் படங்களிலும் பாடினார். 2014-ல் வந்த 'குயீன்' படத்தின் 'லண்டன் துமக்தா'வில் கேட்கும் ஆண் குரல் அவருடையதுதான். அடுத்த வருடம் அக்டோபரில் மும்பையில் இறந்துபோனார். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போடுகிற டி.ஜே.யிடம் கேட்டுப் பாருங்கள், பாடியவர் ஒரே ஆள் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.