குட்டை நாட்டுக் கிடேரிக்குக் கறி மாட்டு ரக ஊசி: கன்று வெளியே வருமா?

கேள்வி: ஐயா, குள்ளஞ்சாவடி பக்கம் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கரில் முந்திரியும் கொஞ்சம் மல்லாட்டையும் வைத்திருக்கிறோம். வீட்டில் இரண்டு நாட்டு மாடு. இரண்டும் குட்டை ரகம், என் இடுப்பு உயரத்துக்கு மேல் வராது. அதில் ஒன்று தலையீற்றுக் கிடேரி. ஏழு மாதத்துக்கு முன் சினை ஊசி போட வந்தவர், "ஜெர்சி போட்டால் காளைக்கன்றுக்கு விலை கிடையாது, இது வெளிநாட்டுக் கறி மாட்டு ரகம், சரோலே, ரெண்டு வருஷத்தில் ஐநூறு கிலோ நிற்கும்" என்று சொல்லி 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டார். சினை நின்றுவிட்டது. போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு மாடு கன்று வெளியே வராமல் செத்துப்போனது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தீவனத்தைக் குறைத்தால் கன்று சின்னதாக இருக்கும் என்கிறார்கள், குறைக்கலாமா? முன்கூட்டியே ஈன வைக்க ஊசி இருக்கிறதாமே, போடலாமா? இன்னொரு மாடும் பருவத்துக்கு வரப்போகிறது. அதற்கும் அதையே போட அவர் வந்து நிற்கிறார்.
— ஒரு வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: அம்மா, தீவனத்தைக் குறைக்காதீர்கள். ஏற்கெனவே குறைத்திருந்தால் இன்று சாயங்காலமே பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். பட்டினி போட்டால் கன்று எடை கொஞ்சம் குறையலாம். ஆனால் ஈனும் சிரமம் குறைவதில்லை. தாய்க்கு முக்குகிற வலு போய்விடும், சீம்பால் நீர்த்துப்போகும், பிறந்த கன்று எழுந்து மடியைத் தேடவே தள்ளாடும். உங்கள் கிடேரி தானே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதன் வாயைக் கட்டினால் இடுப்பெலும்பு விரியவேண்டிய நேரத்தில் அதையும் சேர்த்தே தடுக்கிறீர்கள். அதற்காகத் தவிடும் புண்ணாக்கும் கொட்டிக் கொழுக்கவும் வைக்காதீர்கள். கன்று வரும் வழியில் கொழுப்பு படிந்தாலும் கஷ்டம்தான். மல்லாட்டைக் கொடி, கொஞ்சம் பசும்புல், வழக்கமான தவிட்டோடு ஒரு கிலோ அடர்தீவனம், 30 முதல் 50 கிராம் தாது உப்பு போதும். வெறும் வைக்கோலும் கரும்புத் தோகையும் மட்டும் போட்டால் அவற்றில் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். தினமும் காலாற நடக்க விடுங்கள்.

முன்கூட்டி ஈன வைக்கும் ஊசி இருப்பது உண்மை. நாள் நிறைவதற்குக் கடைசி இரண்டு வாரத்தில், தேதி சரியாகத் தெரிந்தால், கால்நடை மருத்துவர் முடிவெடுத்துப் போடுவது அது. போட்டால் நஞ்சுக்கொடி விழாமல் நிற்பதும் சகஜம். ஏழாம் மாதத்தில் யாராவது போட்டால் அது கருக்கலைப்பு. ஊசிக்காரரை அந்தப் பேச்சே எடுக்க விடாதீர்கள்.

இனி நல்ல செய்தி. நம் திமில் மாடுகளின் கருப்பை கன்றை அளவோடு வளர்க்கும் குணம் உடையது. பெரிய ரகக் காளையைத் திமில் பசுவுக்குப் போட்டால், தாய் தகப்பன் இருவரின் சராசரிக்கும் குறைவான எடையில்தான் பெரும்பாலும் கன்று பிறக்கும். அதையே திருப்பி, திமில் காளையை வெளிநாட்டுப் பசுவுக்குப் போட்டால் கன்று பெருத்துவிடும். தாயின் உடம்புதான் அளவுகோல் என்பதை 1938-இல் கேம்பிரிட்ஜில் வால்டனும் ஹாமண்டும் குதிரையில் காட்டினார்கள். ஷயர் என்ற மாபெரும் குதிரையையும் ஷெட்லாண்ட் குட்டைக் குதிரையையும் இரண்டு விதமாகவும் சேர்த்தார்கள். கலப்பு ஒன்றுதான், ஆனால் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்ட் தாய்க்குப் பிறந்ததைப்போல மூன்று மடங்கு எடை இருந்தது. எனவே உங்கள் கிடேரி செத்துத்தான் போகும் என்று நினைக்கவேண்டாம்.

ஆனாலும் இது தலையீற்று. 200 கிலோ மாட்டுக்கு 15, 16 கிலோ கன்று சுகமாக வரும். 20-ஐத் தாண்டினால் சிரமம் தொடங்கும். அதனால் ஊசி போட்ட தேதியிலிருந்து 275 நாள் ஆனதும் தயாராக இருங்கள். சரோலே மாதிரி ரகங்களுக்குச் சினைக்காலம் கொஞ்சம் நீளும், 285 நாளைத் தாண்டினாலும் பதறவேண்டாம். 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையும் உங்கள் ஊர் கால்நடை மருந்தக மருத்துவர் எண்ணையும் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். மருத்துவரிடம் இப்போதே ஒருமுறை காட்டி, "பெரிய ரக ஊசி, தலையீற்று" என்று சொல்லிவிடுங்கள். பனிக்குடம் தெரிந்து இரண்டு மணி நேரத்தில் கன்று வரவில்லை என்றாலோ, கால் தெரிந்து அரை மணி நேரம் அப்படியே நின்றாலோ உடனே கூப்பிடுங்கள். குளம்பின் அடிப்பகுதி கீழே பார்த்தபடி இரண்டு கால், அவற்றின் மேல் மூக்கு என்றால் கன்று நேராக வருகிறது. அடிப்பகுதி மேலே பார்த்தால் பெரும்பாலும் பின்னங்கால். அப்போது காத்திருக்கவே கூடாது.

பக்கத்துத் தெரு மாடு எப்படிச் செத்தது என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: நாலு ஆள் கயிறு கட்டி, மாடு முக்காத நேரத்திலும் சேர்த்து இழுப்பார்கள். இடுப்பு நரம்பு நசுங்கி மாடு பிறகு எழுந்திருக்காது. இழுத்தே ஆகவேண்டும் என்றால் கணுவுக்கு மேலே கயிறு போட்டு, மாடு முக்கும்போது மட்டும், ஒரு கால் மாற்றி ஒரு கால், தரையை நோக்கிச் சாய்த்து இழுக்கவேண்டும். இரண்டு பேருக்கு மேல் கயிற்றைத் தொடவேண்டாம். இரண்டு பேர் இழுத்து வராத கன்றுக்கு வயிற்றைக் கிழித்து எடுப்பதுதான் வழி, அது மருத்துவர் வேலை.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அந்தக் கன்று ஐநூறு கிலோ நின்றாலும் யாரிடம் விற்பீர்கள்? 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிராணிகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடு, அல்லது காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாடு என்று சான்று இருந்தால்தான் அறுக்கலாம். இரண்டு வயதுக் காளைக்கு அந்தச் சான்று கிடைக்காது. பிரான்சில் சரோலே வளர்ப்பவருக்குப் பின்னால் எடை போட்டு வாங்கும் சந்தை இருக்கிறது, மக்காச்சோள ஊறுகாய்ப்புல் இருக்கிறது, தானியம் இருக்கிறது. உங்கள் பின்னால் என்ன இருக்கிறது? 300 கிலோ உடம்புக்கு நாளுக்கு ஏழெட்டு கிலோ உலர்தீவனம் வேண்டும். ஒன்றரை ஏக்கர் முந்திரிக் காட்டில் அது எங்கிருந்து வரும்? அதற்கும் முன்னால், இரண்டு லிட்டர் கறக்கும் குட்டை மாட்டின் பால் முழுவதையும் அந்தப் பெரிய கன்று குடித்துவிடும். வீட்டுக்குக் காப்பிக்குக்கூட மிஞ்சாது. விலை பேசுகிறவர் இதில் ஒன்றையும் சொல்லமாட்டார். ஊசி விற்கிறவருக்குச் சினை நின்றால் போதும், கன்று பிறக்கும் ராத்திரியில் அவர் கைபேசி அணைந்திருக்கும்.

இன்னொன்று. அவர் போட்டது சரோலேதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நம் மாநில இனவிருத்தித் திட்டத்தில் கறி மாட்டு ரகத்துக்கு இடமில்லை. எங்கிருந்து வந்த விந்து அது? கறுப்பு வெள்ளைப் பால் மாட்டு ரகமான ஹோல்ஸ்டீனின் விந்துக் குச்சியை வேறு பெயர் சொல்லி ஐந்து மடங்கு விலைக்குப் போட்டிருக்கலாம். சிவப்பு மாட்டுக்கு வெளிறிய சந்தன நிறத்தில் கன்று பிறந்தால் சரோலே என்று ஒப்புக்கொள்ளலாம். கறுப்பில் வெள்ளைத் திட்டோடு பிறந்தால் உங்களை ஏமாற்றியிருக்கிறார்.

இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது: சினை ஊசி போட்டவுடன், விந்து இருந்த அந்த ஸ்ட்ராவை, அதாவது குச்சியை, கேட்டு வாங்குங்கள். துடைப்பக் குச்சி கனம், கால் மில்லி பிடிக்கும், தூக்கிப்போடுகிற பொருள்தான். ஆனால் அதன்மேல் காளையின் எண், இனம், எந்த நிலையத்தில் எடுத்தது, என்றைக்கு எடுத்தது எல்லாம் அச்சாகியிருக்கும். ஊட்டி, ஓசூர், ஈச்சங்கோட்டை என்று நம் மாநிலத்திலேயே உறைவிந்து நிலையங்கள் இருக்கின்றன. அங்கிருந்து வருகிற குச்சியில் அச்சு இல்லாமல் இருக்காது. அச்சில்லாத குச்சி, அழிந்த எழுத்துள்ள குச்சி, "அப்புறம் தருகிறேன்" என்று சட்டைப்பையில் போகும் குச்சி எதுவாக இருந்தாலும் காசு கொடுக்காதீர்கள். குடும்ப அட்டை வைத்திருக்கும் உறையிலேயே அந்தக் குச்சியையும் தேதி எழுதிப் போட்டு வையுங்கள். மூன்று வருடம் கழித்து அதே காளையின் விந்தை அதன் மகளுக்கே போடாமல் தடுக்க அது ஒன்றுதான் சாட்சி. கன்று ஊனமாகப் பிறந்தாலும், சினையே நிற்காமல் போனாலும், அந்த எண் இல்லாமல் மருத்துவரால் எதையும் துப்புத் துலக்க முடியாது. ஊருக்கு ஊர் கோயில் காளை இருந்தபோது தகப்பன் யார் என்று தெருவே சொல்லும். இப்போது குச்சி சொன்னால்தான் உண்டு.

குச்சியை எதிலிருந்து எடுக்கிறார் என்றும் பாருங்கள். திரவ நைட்ரஜன் உள்ள கொள்கலனில், மைனஸ் 196 டிகிரியில் இருந்து எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்துத்தான் போடவேண்டும். தேநீர் பிளாஸ்கில் ஐஸ் கட்டியோடு கொண்டுவருகிறவர் செத்த விந்தைப் போடுகிறார். உங்கள் ஊரில் "நாலு தடவை போட்டும் நிற்கவில்லை" என்று மாட்டைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேர் திட்டவேண்டியது அந்த பிளாஸ்கை.

இரண்டாவது மாட்டுக்கு அந்த ஊசி வேண்டவே வேண்டாம். மாட்டை முதலில் அளந்து பாருங்கள். முன்னங்கால் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள், அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம் வரை உள்ள நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 54, நீளம் 46 என்றால் 203 கிலோ. அந்த உடம்புக்கு உம்பளச்சேரி ரகமோ சிவப்புச் சிந்தி ரகமோ பொருந்தும். நமக்குத் தெற்கே டெல்டாவில் உழைத்த உம்பளச்சேரிக்கு இந்தப் புழுக்கமும் உண்ணியும் புதிதல்ல. பால்தான் முக்கியம் என்றால், இரண்டு மூன்று ஈற்றுக் கண்ட மாடாக இருக்கும் பட்சத்தில் ஜெர்சி ஒருமுறை போடலாம். பிறக்கும் கிடேரிக்கு மறுபடி ஜெர்சி ரத்தம் ஏற்றவேண்டாம், பாதிக்கு மேல் போனால் நம் கடலோர வெயில் தாங்காது. காளைக்கன்று பிறந்துவிடுமோ என்பதுதான் கவலை என்றால், பெண் கன்றே பெரும்பாலும் தரக்கூடிய பாலினம் பிரித்த விந்து கிடைக்குமா என்று மருந்தகத்தில் கேளுங்கள். பெண் கன்று எடையும் சற்றுக் குறைவு, ஈனுவதும் சுலபம்.

காலையில் பருவம் தெரிந்தால் அன்று சாயங்காலம், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி போடுங்கள். மூன்றாம் மாதம் சினை பார்க்க மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி போட அந்த மாட்டை ஓட்டிப் போகும்போது கிடேரியையும் கூடவே ஓட்டிப் போகாதீர்கள். நிறைமாதத்தில் அதற்கு நடை வேண்டும், ஆனால் கொட்டகையைச் சுற்றி மட்டும்.