ஆபத்து யாருக்கு, யாரால்? ஆங்கிலம்: கேள்வி பதில்

கேள்வி: லீவு லெட்டரில் 'மை ஃபாதர் இஸ் டேஞ்சரஸ்' என்று எழுதிவிட்டேன். மேனேஜர் படித்துவிட்டுச் சிரிக்கிறார். என்ன தப்பு?

பதில்: முதலில் அப்பா சீக்கிரம் தேறி வரட்டும். தமிழில் 'ஆபத்தான நிலை' என்றால் அவருக்கு ஆபத்து. 'ஆபத்தான ஆள்' என்றால் அவரால் நமக்கு ஆபத்து. இரண்டு இடத்திலும் 'ஆபத்தான' பொருந்திவிடுகிறது. ஆங்கிலத்தில் டேஞ்சரஸ் என்பது ஆபத்தை உண்டாக்குவதற்குத்தான். உங்கள் மேனேஜருக்கு அப்பா கத்தியோடு நிற்பதுபோல் தெரிந்திருக்கும். சரி, 'ஹி இஸ் இன் டேஞ்சர்' என்று மாற்றலாமா? யாரோ அவரைத் துரத்துவதுபோல் ஒலிக்கும். நோயாளி என்றால் 'ஹி இஸ் இன் எ கிரிட்டிக்கல் கண்டிஷன்'. ஆனால் தேறிய பிறகு 'அவுட் ஆஃப் டேஞ்சர்' என்று தாராளமாகச் சொல்லலாம்.

கேள்வி: அப்படியென்றால் புலி டேஞ்சரஸா, என்டேஞ்சர்டா?

பதில்: இரண்டும். நம்மைக் கடித்தால் முதலாவது, அந்த இனமே அழியும் நிலையில் இருப்பதால் இரண்டாவது.

கேள்வி: கால் சென்டரில் இருக்கிறேன். பணிவாகத்தான் 'வாட் இஸ் யுவர் ப்ராப்ளம்?' என்று கேட்டேன். வாடிக்கையாளர் கத்திவிட்டார்.

பதில்: 'உங்களுக்கு என்ன பிரச்சினை?' என்பதை அப்படியே மாற்றியிருக்கிறீர்கள். தமிழிலேயே குரலை உயர்த்திக் கேட்டால் அது சண்டைதானே? ஆங்கிலத்தில் குரலை உயர்த்தாமலே சண்டை. 'யுவர்' வேண்டாம்; 'வாட் ஸீம்ஸ் டு பி த ப்ராப்ளம்?' என்று கேளுங்கள்.

கேள்வி: ப்ராப்ளம், டிரபிள், டிஃபிகல்ட்டி மூன்றும் ஒன்றா?

பதில்: பொருள் பக்கத்தில்தான், வாக்கியத்தில் உட்காரும் விதம் வேறு. ப்ராப்ளத்துக்கு முன்னால் 'எ' வரும், டிரபிளுக்கு வராது. வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டால் 'ஐ ஹேட் டிரபிள் ஃபைண்டிங் த ஹவுஸ்'. இங்கே 'டு ஃபைண்ட்' போடக் கூடாது. 'ஐ ஆம் இன் டிரபிள்' என்றால் வசமாக மாட்டிக்கொண்டேன் என்று அர்த்தம். நம் ஊரில் தினமும் காதில் விழும் 'ஐ ஃபீல் டிஃபிகல்ட்' மட்டும் தயவுசெய்து வேண்டாம். 'ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட்' என்று பழகுங்கள். 'ஐ ஆம் டிஃபிகல்ட்' என்றாலோ, என்னோடு குப்பை கொட்டுவது கஷ்டம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

கேள்வி: சேஃப்டி தேர்வு எழுதுகிறேன். ஹஸார்டும் ரிஸ்க்கும் குழப்புகின்றன.

பதில்: தரையில் எண்ணெய் கொட்டிக் கிடக்கிறது. அந்த எண்ணெய் ஹஸார்ட். யாராவது வழுக்கி விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் எவ்வளவு அடிபடும் என்ற கணக்கு ரிஸ்க். ஆள் நடமாட்டமே இல்லாத அறை என்றால் எண்ணெய் அதேதான், ரிஸ்க் குறைவு. அப்புறம் எச்சரிக்கைப் பலகைகள்: அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான ஆன்சியின் (ANSI) தரப்படி, தவிர்க்காவிட்டால் உயிர் போகும் அல்லது பலத்த காயம் நிச்சயம் என்றால் டேஞ்சர், அப்படி ஆகக்கூடும் என்றால் வார்னிங், சிறிய அல்லது நடுத்தரக் காயம் என்றால் காஷன்.

கேள்வி: எப்படிச் சொன்னாலும் எதிராளிக்குப் புரிகிறதே, இவ்வளவு நுணுக்கம் தேவையா சார்?

பதில்: கடைத்தெருவில் தேவையில்லை. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன அவியாங்கா 52 விமானம், மோசமான வானிலையால் நெடுநேரம் வானிலேயே வட்டமடித்தது. எரிபொருள் வற்றிக்கொண்டிருந்தது. 'எமர்ஜென்சி என்று அவர்களிடம் சொல்' என்று கேப்டன் துணை விமானியிடம் தாய்மொழியான ஸ்பானிஷில் சொல்கிறார். துணை விமானியோ கட்டுப்பாட்டு அறையிடம் ஆங்கிலத்தில், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதற்கு முன் 'ப்ரையாரிட்டி', அதாவது முன்னுரிமை, கேட்டிருந்தார்கள். 'எமர்ஜென்சி', 'மேடே' என்ற சொற்கள் கட்டுப்பாட்டு அறைக்குப் போகவே இல்லை. நான்கு இன்ஜின்களும் நின்று, லாங் ஐலண்டில் விழுந்து 73 பேர் இறந்தார்கள்.

கேள்வி: மேடே என்பது மே மாதமா?

பதில்: இல்லை. 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலி. வானொலியில் மூன்று முறை சொல்ல வேண்டும்.